சனிக்கிழமை வகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

ஃபீனிக்ஸ், டர்பன்
செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாள்

அன்புடையீர்,

வணக்கம். சனிபோனானி.

ஜூலு மொழியில் ‘ஃபுண்டா’ என்றால் படி. புத்தகத்தைப் படி என்பதற்கும் பாடம் படி என்பதற்கும் அந்த ஒரு சொல்தான், நம் தமிழைப் போலவே. ஒரு விகுதி சேர்த்தால் ‘ஃபுண்டிஸா’, அதாவது படிப்பி. இன்னொன்று சேர்த்தால் ‘ஃபுண்டிஸானா’, ஒருவருக்கொருவர் படிப்பி. தமிழரும் ஜூலு மக்களும் ஒருவருக்கொருவர் எழுத்தும் மொழியும் சொல்லித்தரும் நம் சனிக்கிழமை வகுப்பில், இந்த மூன்றாவது சொல்லை ஃபீனிக்ஸிலும் பக்கத்துப் பம்பாயியிலும் அமாவோட்டியிலும் நடத்திக் காட்டியவர்கள் நீங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி, ஜூலு சொல்லித்தர வந்த தாய்மாருக்கு. எழுத்தறிவு ஒற்றுமையை வளர்க்கும் என்று மேடையில் சொல்வது எளிது. ஆனால் ஓர் இனத்தார் எப்போதும் கரும்பலகையருகே நிற்க, மற்றோர் இனத்தார் எப்போதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அந்த வகுப்பு பழைய மேல் கீழைத்தான் மறுபடி கற்றுக்கொடுக்கும். அதனால்தான் 90 நிமிடத்தை இரண்டாகப் பிரித்தோம். முதல் 40 நிமிடம் ஜூலு. அவர்கள் ஆசிரியர்கள், நம்மவர்கள் மாணவர்கள். நடுவில் 10 நிமிடம் தேநீர். பிறகு 40 நிமிடம் ஆங்கிலப் படிவங்களும் ரசீதுகளும். அப்போது இடம் மாறும். ஒரு தமிழர், ஒரு ஜூலு என்று சோடி. நான்கு வாரத்துக்கு அதே சோடி. ஒரு மண்டபத்துக்குப் பத்துச் சோடிக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் இரைச்சலில், நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஜூலுவின் சொடுக்கொலிகள் காதில் விழாது.

அந்தச் சொடுக்கொலிகள் மூன்று. ஜூலுவை எழுதுவது ரோமன் எழுத்தில். ‘சி’ எழுத்துக்கு, நாம் பரிதாபப்பட்டு ‘ச்சு’ கொட்டும்போது முன்பல்லின் பின்னால் எழுகிற ஒலி. ‘க்யூ’வுக்கு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று இழுக்க வேண்டும், புட்டியின் தக்கை கழன்றாற்போல் கேட்கும். ‘எக்ஸ்’ கடைவாய்ப் பக்கம், மாட்டை ஓட்டும்போது எழுப்புவது. நம்மவர்கள் மூன்றையும் ‘க்’ ஆக்கிவிடுவார்கள். தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்கிறவர்களுக்கு அந்த ஒலி வரவே வராது, நம்மிடம் அதற்கு எழுத்தில்லை. சொல்லித்தருபவரின் வாயைப் பார்த்துத்தான் பழக வேண்டும். ‘பி’யும் ‘எச்’சும் சேர்ந்து வந்தால் ஆங்கிலப் பழக்கத்தில் ‘ஃப’ என்று படிப்பது இன்னொரு தவறு. ஜூலுவில் அது மூச்சுச் சேர்ந்த ‘ப’. நாம் தாத்தாவை ரோமன் எழுத்தில் எழுதுகிற அதே ஆறு எழுத்து (thatha), ஜூலுவில் ‘எடு’ என்று பொருள்படும். அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு முழு வகுப்பை நடத்தலாம்.

எழுத்தட்டைகளை வெட்டித் தந்த அச்சகத்தாருக்கு நன்றி. சோடிக்கு 25 அட்டை: சிவப்பில் 5 உயிர், கறுப்பில் 20 மெய். முதல் நாள் ‘ம, ப, ல’ ஒலிகளுக்குரிய மூன்று மெய்யட்டைகள் போதும். ஐந்து உயிரோடு சேர்த்தால் 15 அசை. அவற்றை வைத்தே மாமா (அம்மா), பாபா (அப்பா), லாலா (தூங்கு), லீமா (உழு), இமாலி (பணம்), உம்லீலோ (நெருப்பு) என்று படித்துவிடலாம். உயிர்மெய் வரிசை பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ‘ஏ, பி, சி’ என்று ஆங்கிலப் பெயரிலிருந்து தொடங்கினால் ‘பாபா’வை ‘பி-ஏ-பி-ஏ’ என்று எழுத்துக்கூட்டி அங்கேயே நின்றுவிடுவார்கள். முதலில் ஒலி வரட்டும், பெயர் பிறகு வரும்.

வாசிப்புக் கண்ணாடிகளை அனுப்பியவர்களுக்கு நன்றி. படிக்கத் தெரியாது என்று வந்தவர்களில் சிலருக்குக் குறை கண்ணில்தான். முதல் நாளே செய்தித்தாளைக் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் பாடத்துக்கு முன் கண்ணாடி. +1.50 முதல் +3.00 வரை அரை அரையாக ஏறும் அளவுகளில் ஒவ்வொன்றும் இரண்டு இருந்தால் ஒரு வகுப்புக்குத் தாங்கும்.

மண்டபம் தந்த கோவில் நிர்வாகத்தாருக்கும் தேவாலயத்தாருக்கும் நன்றி. ஒரு வாரம் இங்கே, மறுவாரம் அங்கே என்று மாற்றியதும், வகுப்பு நேரத்தில் பூசையும் ஜெபமும் வேண்டாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டதும் பெரிய உதவி. டாக்ஸி குறையுமுன் எல்லாரும் வீடு சேர, நான்கு மணிக்குள் முடித்தாக வேண்டியிருந்தது.

பழைய ‘இலாங்கா’ இதழ்களைச் சேர்த்துக் கொடுத்தவர்களை மறக்க முடியாது. இனாண்டாவின் ஜான் டூபே 1903இல் தொடங்கிய ஜூலு இதழ் அது. காந்தியின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ தொடங்கியதும் அதே 1903. அதன் அச்சகம் மறு ஆண்டே ஃபீனிக்ஸுக்கு வந்தது. அதில் தமிழ்ப் பக்கமும் இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டு இதழ்கள். இதை இங்கே வளர்கிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம்.

படிக்கக் கொடுத்த தாள்களெல்லாம் வீட்டிலிருந்து வந்தவைதான்: மருந்துச் சீட்டு, குழந்தையின் தடுப்பூசிப் புத்தகம், மின்சார ரசீது. முன்கட்டண மின்சாரத்துக்கு மீட்டரில் அழுத்த வேண்டிய 20 இலக்க எண்ணை நான்கு நான்காக ஐந்து கூறு பிரித்து ஒருவர் படிக்க, மற்றவர் எழுதுவார். ஒரு இலக்கம் தவறினாலும் மீட்டர் ஏற்காது. அந்தப் பயிற்சியைப் போல ஒருவர் சொல்லை ஒருவர் கூர்ந்து கேட்க வைப்பது வேறொன்றும் இல்லை.

கடைசியாக, வதந்திப் பாடத்தை வகுத்துத் தந்தவர்களுக்கு. தென்னாப்பிரிக்காவின் 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் 36 பேர் உயிரிழந்தார்கள். அந்த நாட்களில் குரல்பதிவுகள் தெருத்தெருவாகப் பரவின. பாடம் இதுதான். வந்த குரல்பதிவைக் கேட்டு, அதில் உள்ள செய்தியை ஒரே வாக்கியமாகப் பென்சிலால் எழுத வேண்டும். அடியில் நான்கு விடை: கண்ணால் பார்த்தவர் யார், எந்த இடம், எத்தனை மணி, எனக்கு அனுப்பியவர் யார். முதல் மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் மற்றவருக்கு அனுப்பக் கூடாது. சோடியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். குரலில் இருக்கும் பதற்றம் எழுத்தில் இறங்காது. அதனால்தான் எழுதச் சொல்கிறோம். சோடியின் தொலைபேசி எண்ணை முதல் வாரமே அவரவர் கையால் எழுதிக்கொள்வதும் இதற்காகத்தான். கைப்பேசி தொலைந்தாலும் நோட்டில் இருக்கும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குக் கோவில் மண்டபத்தில் மீண்டும் கூடுகிறோம். +2.50 கண்ணாடியும் பென்சிலும் குறைவாக இருக்கின்றன. ஜூலு சொல்லித்தர இன்னும் மூவர் வேண்டும்.

சியபோங்கா. நன்றி.

சனிக்கிழமை வகுப்பு நடத்துவோர்