பனி ஏரிகள்: பரப்பளவு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இமயமலையில் பனியாறுகள் உருகித் தேங்கிய பனி ஏரிகள் விரிந்து வருவதாக வெளியாகும் செய்திகள் பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கோடு நின்றுவிடுகின்றன. 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் 1984-க்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவு விரிந்துள்ளன என்றும், அவற்றில் 130 இந்தியாவில் உள்ளன என்றும் 2024 ஏப்ரலில் இஸ்ரோ அறிவித்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் செய்த அரும்பணி அது. எனினும், ஏரி உடைந்து வெள்ளம் வருமா என்ற கேள்விக்கு ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு வேண்டிய விடை அந்தக் கணக்கில் இல்லை.

சிக்கிமில் சுமார் 5,200 மீட்டர் உயரத்திலுள்ள தெற்கு லோனாக் ஏரியையே எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 17-இல் அதன் பரப்பு 162.7 ஹெக்டேர், செப்டம்பர் 28-இல் 167.4, அக்டோபர் 4-இல் 60.3. உடைவதற்குச் சில நாள் முன்புவரை எடுத்த அளவை வைத்து, வரப்போவதை யாரும் கணித்திருக்க முடியாது. அக்டோபர் 3 இரவு ஏரியின் பக்கவாட்டில் உறைந்து நின்ற கல்மண் சரிவு பெயர்ந்து நீருக்குள் விழ, எழுந்த பேரலை கரையை உடைத்தது. தீஸ்தா ஆற்றில் பாய்ந்த வெள்ளம் கீழே சுங்தாங் என்ற ஊரில் 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. அந்தச் சரிவு பல ஆண்டுகளாகவே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது என்பதைப் பழைய செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். படங்கள் இருந்தன, ஏரியை அளந்த அக்கறையோடு அதைச் சூழ்ந்த சரிவை அளக்கவில்லை என்பதே என் குறை.

பருவமழைக் காலத்தில் மேகம் மூடிய மலையைச் சாதாரணப் படக்கருவியால் காண இயலாது. ரேடாருக்கு மேகம் தடையன்று; ஒரே இடத்தை இருமுறை ரேடாரால் பதிவுசெய்து ஒப்பிட்டால், தரை சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள் 12 நாள்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே திரும்பி வருவதால், ஏரிகளைச் சூழ்ந்த சரிவுகளின் நகர்வையும் இனி பரப்பளவுடன் சேர்த்து, ஏரிவாரியாகக் குறித்த காலத்தில் வெளியிட வேண்டும். அந்த அறிக்கை கீழ்ப்பகுதி ஊராட்சிகளுக்கும் அணைகளை இயக்குவோருக்கும் நேரடியாகச் சென்று சேர வேண்டும்.

ஏரியின் ஆழம் மட்டும் விண்ணிலிருந்து பிடிபடுவதில்லை. பரப்பளவைச் சூத்திரத்தில் இட்டு நீரின் கொள்ளளவை மதிப்பிடுவது வழக்கம், அது மதிப்பீடே. படகில் சென்று ஒலியலைக் கருவியால் அளந்தால்தான் திட்டமாகத் தெரியும். அந்த உயரத்தில் அது கடினமும் செலவும் மிக்க வேலை என்றாலும், ஆபத்து மிகுந்த ஏரிகளுக்கேனும் அதைத் தவிர்க்கலாகாது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். "அன்றும் இன்றும்" என இரு படங்களை அருகருகே அச்சிடும்போது ஆண்டை மட்டுமன்றி மாதத்தையும் குறிப்பிடுங்கள். குளிர்காலப் பனி எஞ்சியிருக்கும் மே மாதப் படத்தை, உருகல் முடியும் செப்டம்பர் மாதப் படத்தோடு ஒப்பிட்டால், இயல்பான பருவ மாற்றம்கூடப் பனியாறே அழிந்துவிட்டதுபோல் தோற்றமளிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திருச்சி.