நடுப்பள்ளத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: எங்கள் ஊராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், ஒன்றியப் பொறியாளர் ஐயா அவர்களுக்கும்,

வணக்கம். வடக்குத் தெருக் குட்டையைத் தூர் வாரும் வேலை எப்படி ஆரம்பித்தது, எத்தனை லோடு மண் எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை மறுபடி எழுதவில்லை. தூர் வாருவதே தப்பு என்று சொல்லவும் வரவில்லை. வாருங்கள் என்று பல வருஷமாக மனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று. குட்டையின் நடுவில், வைகாசியிலும் ஈரச் சேறு காயாமல் கிடக்கிற அந்தப் பள்ளத்தில் மட்டும் பொக்லைனை இறக்காதீர்கள். கோடையில் குட்டையின் குறவை மீனெல்லாம் உயிரோடு புதைந்து கிடப்பது அங்கேதான்.

போன வியாழக்கிழமை கிழக்கு ஓரத்தை முடித்துவிட்டு வண்டி பள்ளத்தின் விளிம்புக்கு வந்தது. என் தையல் கடை குட்டைக்கு எதிரில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாளி சேற்றை அள்ளி டிராக்டரில் கவிழ்த்தது. கவிழ்த்த சேறு தானாக அசைந்தது. முதலில் ஒரு தலை, பிறகு முழு உடல். கை நீளத்துக்குக் குறவை. அடுத்த வாளியில் நான்கைந்து. ஓடிப் போய் ஒரு சேற்றுக் கட்டியை எடுத்து உடைத்தேன். மீனின் உடல் அளவுக்கே உள்ளே ஒரு குழி, குழியின் சுவர் வழவழவென்று. அதற்குள் வாலை மடக்கிக்கொண்டு ஒரு குறவை கிடந்தது. கையில் எடுத்ததும் வாயைத் திறந்து மூடியது.

“அண்ணே, மழை பெஞ்சா மீன் தானா வந்துடும், நீங்க போய் வேலையைப் பாருங்க” என்றார் வேலையைக் கவனிக்க வந்தவர். பைக்கை விட்டு இறங்காமலேயே சொன்னார்.

சாயங்காலம் அந்த மண்ணைக் கொட்டிய வயலுக்குப் போனேன். மேல்மண் வெயிலில் வெடித்திருந்தது. குவியலிலிருந்து நெளிந்து வெளியே வந்த குறவைகள், தண்ணீரைத் தேடிப் போய், உடம்பெல்லாம் புழுதி அப்பிக்கொண்டு உழவுச் சாலில் வரிசையாகக் கிடந்தன. 17 வரை எண்ணினேன். கண்ணில் எறும்பு மொய்த்திருந்தது. இரண்டுக்கு மட்டும் உயிர் இருந்தது. வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மழை பெய்தால் மீன் தானாக வந்துவிடும் என்று அவர் சொன்னதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரே அப்படித்தான் நம்புகிறது. காய்ந்து கிடந்த குட்டையில் முதல் மழைக்கு மறுநாளே மீன் துள்ளினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த மீனை மழை கொண்டுவரவில்லை. அது மூன்று மாதமாக அந்தச் சேற்றுக்குள் இருந்து எழுந்து வந்த மீன்.

குறவைக்குச் செவுளுக்கு மேலே, தலைக்குள் ஒரு சிறு அறை உண்டு. காற்றை அதில் வாங்கித்தான் மூச்சு விடுகிறது. கடை வாசலில் உட்கார்ந்தால் நண்பகலில் குட்டையில் அங்கங்கே ‘ப்ளக்’ என்று சத்தம் கேட்கும். குறவை மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்குகிற சத்தம் அது. பங்குனியில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே போய், வெந்நீர் மாதிரி சுடும்போது கெண்டையெல்லாம் வயிறு மேலாக மிதக்கும். குறவை மிதக்காது. அதே குறவையை மேலே வர விடாமல் வலையில் அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். தண்ணீர் இல்லாமல் சில மாதம் தாக்குப் பிடிக்கும், காற்று இல்லாமல் முடியாது. சேற்றுக்குள் புதைந்துகொள்வதும் அதனால்தான் முடிகிறது. ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சுற்றியுள்ள சேறு ஈரமாக இருக்கும்வரைதான் தோல் காயாமல் இருக்கும். ஓரத்துச் சேறு சித்திரையிலேயே செங்கல் மாதிரி இறுகிவிடுகிறது. எங்கள் குட்டையில் கோடை முழுக்க ஈரம் தங்குகிற இடம் அந்த நடுப்பள்ளம் ஒன்றுதான், ஒரு வீட்டு மனை அளவு. குட்டையிலுள்ள குறவை மொத்தமும் வைகாசியில் அங்கேதான் கூடிக் கிடக்கும்.

மொத்தம் என்றால் ஆயிரக்கணக்கில் இல்லை. குறவை இரை பிடித்துத் தின்னும் மீன். தவளைக்குஞ்சு, தட்டான் புழு, கூனி இறால், சின்ன மீன் என்று கிடைத்ததை எல்லாம் தின்னும். துரத்தித் துரத்தி அலையாது. பாசிக்கு அடியில் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வந்ததைப் பிடிக்கும். இவ்வளவு சின்னக் குட்டையில் இரையும் அளவாகத்தான் இருக்கும். தட்டான் பறந்து வந்து முட்டை போடும், தவளை மழைக்கு வரும், அதை வைத்துத்தான் அதன் பிழைப்பு. இரை தீர்ந்தால் பெரிய குறவை சின்னக் குறவையைத் தின்றுவிடும். இப்படிக் கழிந்தது போக ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம் மீன்தான் மிஞ்சுகிறது. மழை விழுந்ததும் அவைதான் ஜோடி சேர்ந்து, புல் மறைவில் மிதக்கும் முட்டை போட்டு, குஞ்சுகள் தலையெடுக்கும்வரை பக்கத்திலேயே காவல் நிற்கும். அந்தக் கொஞ்சத்தில் 15 மீன் வியாழக்கிழமை வயலில் செத்துக் கிடந்தது. அதுவும் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டதற்கே.

ஏரியில் மீன் அழிந்தால் வாய்க்கால் வழியாக மறுபடி வரும். எங்கள் குட்டைக்கு வாய்க்காலும் இல்லை, மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலிங்கும் இல்லை. மழை நாளில் குறவை ஈரப் புல்லில் நெளிந்து கொஞ்ச தூரம் போகும் என்பது உண்மை. ஒரு காலத்தில் அப்படிப் பக்கத்துத் தாங்கலிலிருந்து வந்திருக்கலாம். இப்போது ஒரு பக்கம் இரண்டடி உயர்த்திய தார்ச்சாலை, மற்ற மூன்று பக்கமும் காம்பவுண்டுச் சுவர். எந்த மீன் இதைத் தாண்டி வரும்? இந்தச் சேற்றில் இருப்பது போனால் போனதுதான்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். வேலை முடிந்ததும் டெங்குவுக்காக, கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா என்ற வெளிநாட்டுச் சின்ன மீனை விடப்போவதாகச் சொல்கிறார்கள். டெங்கு கொசு வளர்வது குட்டையில் இல்லை. வீட்டுத் தொட்டியிலும், பழைய டயரிலும், மூடாத குடத்திலும். கம்பூசியாவை நம் நாட்டுக்கு 1928இல் கொண்டுவந்தார்கள். கொசுப் புழுவோடு நிற்காமல் மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளைக்குஞ்சையும் தின்கிறது. உலகிலேயே மோசமான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. குறவைக் குஞ்சு காலங்காலமாக இந்தக் குட்டையில் கொசுப் புழுவைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. அதற்கு யாரும் பில் போடவில்லை. போன வருஷம் பக்கத்து ஊர்க் குளத்தைச் சுற்றிச் செங்குத்தாக கான்கிரீட் சுவர் கட்டி, நடைபாதை போட்டு, பெஞ்சும் வைத்தார்கள். இப்போது அங்கே ஒரு தவளைச் சத்தம் கிடையாது. குளம் என்றால் தண்ணீர் நிற்கிற தொட்டி என்று நினைப்பவர்களிடம் குளங்களை ஒப்படைத்துவிட்டு எத்தனை காலம் சும்மா இருப்பது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது இவ்வளவு பெரிய விஷயம் இல்லை. நடுப்பள்ளத்தை விட்டுவிடுங்கள். சுற்றி எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் எடுங்கள். வண்டல் கேட்டிருக்கும் விவசாயிகளுக்கு ஓரத்து மண்ணே போதும். அவர்களில் நான்கு பேரிடம் நானே பேசிவிட்டேன், யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பள்ளத்தையும் எடுத்தே ஆகவேண்டும் என்று எஸ்டிமேட்டில் இருந்தால், இந்த வருஷம் வேண்டாம். ஓரத்தில் புதிதாக வெட்டிய இடத்தில் தண்ணீர் நின்று, சேறு சேர்ந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திங்கள்கிழமை வண்டி மறுபடி வருவதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தைச் சுற்றிக் கழி நட்டுக் கயிறு கட்டுகிறோம். கழியும் கயிறும் எங்கள் செலவு. உங்கள் அனுமதி மட்டும் வேண்டும்.

அன்றைக்குக் கொண்டுவந்த இரண்டில் ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று எங்கள் வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் இருக்கிறது. இதை எழுதும்போதும் ‘ப்ளக்’ என்று மேலே வந்து போகிறது. மழை விழுந்ததும் அதைக் குட்டையில் விட வேண்டும். அதற்குத் துணை அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. தயவுசெய்து அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வடக்குத் தெரு தையல்கடைக்காரன்