நிலவில் வீடு வரையும் மகனுக்கு

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய வரைபடங்களை நிதானமாகப் பார்த்தேன். தென் துருவத்துக்குப் பக்கத்தில் வெயில் அதிகம் படும் ஒரு மேடு, அதில் நான்கு பேர் ஆறு மாதம் தங்கும் வீடு, மேலே 3 மீட்டர் மண். இடத்தை நன்றாகத் தேர்ந்திருக்கிறாய். ஆனால் சுவரை நேராகவும் கூரையைத் தட்டையாகவும் போட்டு, மண்ணின் பாரத்தைத் தாங்க உள்ளே ஆறு தூண் நிறுத்தியிருக்கிறாய் பார், அந்த இடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும், கண்ணா. பூமியில் கூரை கீழே விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறோம். நிலவில் அது மேலே பிய்த்துக்கொண்டு போகும்.

கணக்கைப் போட்டுப் பார். உள்ளே 56.5 கிலோபாஸ்கல் அழுத்தம் வைக்கிறாய். வெளியே வெற்றிடம். அப்படியானால் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 5.8 டன் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. 3 மீட்டர் மண்ணின் நிறை சதுர மீட்டருக்கு 5 டன் இருக்கும்தான். ஆனால் அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, அதனால் அது அழுத்துவது 8.3 கிலோபாஸ்கல் மட்டுமே. உள்ளிருக்கும் காற்று அதைப்போல் ஏழு மடங்கு பலமாகத் தள்ளுகிறது. வெறும் மண்ணை வைத்தே காற்றைச் சமாளிக்க வேண்டுமென்றால் 20 மீட்டர் உயரத்துக்குக் கொட்ட வேண்டியிருக்கும். ஆகவே உன் ஆறு தூண்களுக்கும் வேலை இல்லை. அந்தத் தட்டைக் கூரைக்குத் தேவை, அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கம்பிகள். அதைவிட வடிவத்தையே மாற்றிவிடு.

4.5 மீட்டர் விட்டம், 8 மீட்டர் நீளம் உள்ள ஓர் உருளை எடுத்துக்கொள். இரண்டு முனையும் குவிமாடமாக இருக்கட்டும். 3 மி.மீ. அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தால், காற்றழுத்தத்தால் சுற்றுவாட்டில் வரும் இழுவிசைத் தகைவு 42 மெகாபாஸ்கல்தான். தகடு அதைச் சிரமமில்லாமல் தாங்கும். முனை ஒவ்வொன்றையும் 90 டன் தள்ளும், அதற்குத்தான் குவிமாடம். உள்ளே போடும் தட்டையான தளத்தைத் தகட்டோடு சேர்த்து வெல்டிங் செய்துவிடாதே. அழுத்தம் ஏறும்போதும் இறங்கும்போதும் உருளை விரிந்து சுருங்கும்; இறுக்கிப் பிடித்த இடத்தில் வெடிப்பு விடும். நகர இடம் கொடுக்கும் தாங்கிகளில் உட்கார வை.

இன்னொரு நிலைமையையும் மறக்கக் கூடாது. பழுது பார்க்கவோ விபத்தாலோ உள்ளே காற்று இல்லாமல் போனால், அந்த 8.3 கிலோபாஸ்கல் முழுவதும் தகட்டின் மேல் வெளியிலிருந்து இறங்கும். இழுவைக்கு அவ்வளவு வலுவான அதே 3 மி.மீ. தகடு, வெளி அழுத்தத்துக்கு விலா வளையங்கள் இல்லாமல் நசுங்கிவிடும். அதனால் என் யோசனை இது: மண்ணைத் தாங்கத் தனியாக ஒரு வளைவுச் சட்டம், காற்றைத் தாங்கத் தனியாக உருளை, இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் விண்வெளி உடையோடு நுழையும் அளவு இடைவெளி. கசிவு வந்தால் தேடவும் ஒட்டுப் போடவும் வெளித்தோல் கைக்கு எட்ட வேண்டும். 3 மீட்டர் மண்ணுக்கு அடியில் புதைத்த தகட்டில் கசிவை எங்கே தேடுவாய்?

மண் எதற்கென்றால், கதிர்வீச்சுக்கு. சீனாவின் சாங்இ-4 கலத்தின் கருவி நிலவின் தரையில் அளந்தது நாளுக்குச் சுமார் 1.37 மில்லிசீவெர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு). விண்வெளி வீரர் ஒருவரின் பணிக்காலம் முழுவதற்கும் நாசா வைத்திருக்கும் வரம்பு 600 மில்லிசீவெர்ட். மறைப்பே இல்லாமல் இருந்தால் 440 நாளுக்குள் ஒருவரின் கணக்கு தீர்ந்துவிடும். இதில் ஒன்றைக் கவனி: மண்ணை மெல்லியதாகப் போட்டுத் திருப்திப்பட்டுவிடாதே. விண்மீன் வெளியிலிருந்து வரும் கனமான துகள்கள் மண்ணில் மோதிச் சிதறி நியூட்ரான்களைக் கிளப்பும்; அந்தச் சிதறலையும் அடக்கும் கனம் வேண்டும். உன் 3 மீட்டர் சரியான அளவு. சூரியப் புயலுக்கு உள்ளேயே ஒரு புகலிடம் ஒதுக்கு. தூங்கும் இடத்தைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டிகளை வைத்தாலே போதும், தனிச் சுமை சேராது. மண் மூடி முடிப்பதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டால் அதுதான் காப்பாற்றும். 1972 ஆகஸ்டில் பெரும் புயல் அடித்தபோது நிலவில் யாரும் இல்லை. அப்பல்லோ 16 ஏப்ரலில் போய்வந்திருந்தது, 17 டிசம்பரில்தான் போனது.

மண்ணின் அளவைத்தான் நீ எழுதவேயில்லை. அந்த உருளையின் மேல் மண்ணைச் சும்மா குவித்தால் அது 35 டிகிரிச் சரிவில் நாலா பக்கமும் பரவும். உச்சியில் 3 மீட்டர் நிற்க வேண்டுமானால் சுமார் 2,000 கன மீட்டர் கொட்ட வேண்டும். அதே மண்ணைப் பைகளில் நிரப்பிச் செங்குத்தாக அடுக்கினால் 800 கன மீட்டரில் வேலை முடியும். அதுவே 1,300 டன் வரும். இப்போது உருவாகிவரும் ஐபெக்ஸ் என்ற நாசாவின் தோண்டும் இயந்திரத்துக்கு ஒரு பயணத்தில் வைத்திருக்கும் இலக்கு 10 டன். இடைவெளி எவ்வளவு என்று பார்த்துக்கொள்! அதனால் பை தைக்கும் துணி, நிரப்பும் முறை, வாய் மூடும் முறை எல்லாம் உன் வரைபடத்தில் வந்தாக வேண்டும். தோண்டுவதும் லேசில்லை. இயந்திரத்தின் எடை ஆறில் ஒன்றாகிவிடுவதால் வாளி மண்ணில் இறங்காமல் வண்டியே நகரும். ஐபெக்ஸில் எதிரெதிராகச் சுழலும் உருளைகளை வைத்திருப்பது அதற்காகத்தான். ஒன்றின் தள்ளுதலை மற்றது ஈடுகட்டும். மேலே பொலபொலவென்று இருக்கும் மண், ஒரு முழம் கீழே போனால் கெட்டித்துக் கிடக்கும். ஆகவே ஆழமாகக் குழி வெட்டாமல் பரவலாகச் சுரண்டி எடுக்கத் திட்டமிடு. மண்ணை உருக்கி அச்சிட்ட சுவர்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். மறைப்புக்கு அவை நல்லவை. ஆனால் அந்தப் பொருள் இழுவிசைக்கு உடையும், காற்றை அடைத்து வைக்கும் வேலையை அதனிடம் கொடுக்காதே.

ஊதி விரிக்கும் துணி வீடும் நல்ல வழிதான். 2016-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்திய பீம் அறை அப்படிப்பட்டதே. துணி நாள்பட நாள்பட நீளும் என்பதால் பலத்தை நான்கு மடங்கு வைக்க வேண்டும். துணியும் உலோகக் கதவுச் சட்டமும் சேரும் இடத்தை முதலில் வரை.

கதவுக்கு வருகிறேன். 56.5 கிலோபாஸ்கலை நீ தேர்ந்தது சரி. 34 சதவீதம் ஆக்சிஜன் கலந்த அந்தக் காற்றிலிருந்து குறைந்த அழுத்தமுள்ள உடைக்கு மாறுவது விரைவில் முடியும். பூமியின் அழுத்தத்திலிருந்து மாறினால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி வராமலிருக்க மணிக்கணக்கில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வேண்டும். ஆனால் 34 சதவீதத்தில் நெருப்பு சீக்கிரம் பற்றும். உள்ளே போடும் ஒவ்வொரு துணியையும் நுரையையும் அதே காற்றில் எரித்துச் சோதிக்காமல் பட்டியலில் சேர்க்காதே.

நீ வரைந்த கதவு வீட்டிலிருந்து ஏர்லாக் பக்கமாக, அதாவது வெளியே போகும் முன் காற்றை இறக்கும் சிற்றறைப் பக்கமாகத் திறக்கிறது. ஒரு சதுர மீட்டர் கதவில் 5.8 டன், அதை முழுக்கத் தாழ்ப்பாள்கள் தாங்க வேண்டும். திருப்பிப் போடு. அழுத்தம் அதிகமுள்ள பக்கமாகத் திறக்கும் கதவை அழுத்தமே சட்டத்தோடு அமுக்கிப் பிடிக்கும். ஆனால் அதற்கும் ஓர் ஆபத்து உண்டு. 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலத்துக்குள் தீப்பிடித்தது. அதன் கதவு உள்பக்கமாகத் திறப்பது. அழுத்தம் ஏறியதால் அதைத் திறக்கவே முடியவில்லை, மூன்று பேரும் இறந்தார்கள். ஆகவே இரண்டு பக்கத்திலிருந்தும் தடித்த கையுறையோடு திருப்பக்கூடிய, இரு பக்க அழுத்தத்தையும் சமமாக்கும் வால்வு ஒன்று கட்டாயம். வெளியேற இரண்டாவது வழியும் கட்டாயம். உன் வரைபடத்தில் ஒரு வழிதான் இருக்கிறது.

சீல் வளையம் ஒன்றல்ல, இரண்டு. நடுவிலுள்ள பள்ளத்துக்கு ஒரு சிறு குழாய் கொடு. கதவை மூடியதும் அதில் காற்றை ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். வளையம் கசிகிறதா என்று ஆள் வெளியே போகும் முன்பே தெரிந்துவிடும். வளையத்தைக் கதவில் பொருத்து, கீழ்ச் சட்டத்தில் வேண்டாம். காலில் ஒட்டி வரும் தூசு விழும் இடம் அது. காற்றும் தண்ணீரும் உருட்டாத மண் என்பதால் ஒவ்வொரு துகளும் கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையானது, மின்னூட்டத்தால் எதிலும் ஒட்டும். அப்பல்லோ பயணங்களில் கல் கொண்டுவந்த பெட்டிகள் சிலவற்றில் சீலில் தூசு சிக்கி வெற்றிடம் நிற்காமல் போனது. அப்பல்லோ 17-ல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்குத் தூசை முகர்ந்து மூக்கடைத்தது. உடையை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளிச்சுவரிலேயே மாட்டி, முதுகுப்பக்கமாக நுழையும் முறையை வைத்தால் பாதித் தொல்லை குறையும். ஏர்லாக்கை ஒருமுறை திறந்தால் போகும் காற்றையும் கணக்கில் எடு: 4 கன மீட்டரில் 2.7 கிலோ. பம்பு வைத்துப் பத்தில் ஒன்பது பங்கை மீட்டாலும் மிச்சம் போனது போனதுதான். ஆக்சிஜனை அங்குள்ள மண்ணிலிருந்தே பிரிக்கலாம். நைட்ரஜனை இங்கிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.

வெப்பம் பற்றி நீ எழுதியிருந்தது தலைகீழ். குளிரைச் சமாளிக்க ஹீட்டர்களைப் பட்டியலிட்டிருக்கிறாய். சந்திரயான்-3 இறக்கிய சாஸ்தே கருவி காட்டியதைப் பார்: தரையில் 50 டிகிரிக்கு மேல் இருக்க, 8 செ.மீ. ஆழத்தில் மைனஸ் 10. மண் அவ்வளவு நல்ல வெப்பத்தடை. அதைப் போர்த்திய வீட்டுக்குள் 10 கிலோவாட் மின்சாரம் செலவானால் கடைசியில் அத்தனையும் வெப்பமாகத் தங்கிவிடும். அதை வெளியேற்ற 17 டிகிரியில் இயங்கும் 30 சதுர மீட்டர் ரேடியேட்டர் வேண்டும். நீ அதைச் சூரியப் பலகைகளோடு செங்குத்தாக நிறுத்தியிருக்கிறாய். துருவத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றும், ஒன்றரை டிகிரிக்கு மேல் எழும்பாது. ஆகவே பலகை செங்குத்தாக, ரேடியேட்டர் படுக்கையாக வானத்தைப் பார்த்து. படுத்திருப்பதால் தூசு படியும். வண்டிப் பாதையிலிருந்து தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி வை.

மின்சாரத்தில் ஒரே ஒரு கணக்கு: நிலவின் நடுக்கோட்டில் இரவு 354 மணி நேரம். 10 கிலோவாட்டுக்கு மின்கலம் மட்டும் 20 டன்னைத் தாண்டும். மேட்டில் இருட்டு குறைவு என்பதால்தான் உன் இடத்தேர்வைப் பாராட்டினேன். ஆனால் உன் மேட்டில் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் இருட்டு என்பதை உயர வரைபடத்திலிருந்து கணக்கிட்டு எழுது, சராசரி வேண்டாம்.

இறங்குதளத்தை வீட்டிலிருந்து 200 மீட்டரில் வைத்திருக்கிறாய். 1969-ல் அப்பல்லோ 12 இறங்கியது, முன்பே அங்கே இறங்கி நின்ற சர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலத்திலிருந்து சுமார் 160 மீட்டரில். அதன் எஞ்சின் கிளப்பிய மண் அந்தக் கலத்தை அரம் போட்டு ராவியதைப்போல் தேய்த்திருந்தது. நீ இறக்கப் போவது அதைவிடப் பெரிய கலம். குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளு, நடுவே ஒரு மேடு இருக்கட்டும்.

காற்றும் தண்ணீரும் சுத்திகரிப்பதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்குள் கதவை மட்டும் முழு அளவில் அட்டையிலும் மரத்திலும் செய். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, வால்வைத் தேடித் திருப்பித் திறந்து பார். உன்னோடு வேலை பார்ப்பவர்களில் உயரம் குறைந்தவரையும் செய்யச் சொல். கை எட்டாத இடத்தைக் குறித்து அனுப்புடா.

அன்புடன்,
அம்மா