ஐஸ் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் பிள்ளைகள் செய்த ‘பனிக்கு அடியில் எரிமலை’ மாதிரிக்கு வைத்திருந்த ஐஸுக்கு, வியாழக்கிழமை ராத்திரி ஃப்ரீசர் செய்த துரோகம் தாராவியில் பாதிப் பேருக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. மேசை கொடுத்த அக்கா, பின்னிரவு வரை களிமண் பிசைந்த பெற்றோர்கள், எங்கள் முறையைக் கடைசிக்குத் தள்ளிக்கொடுத்த கண்காட்சி சார், தட்டு சாயாமல் சயான் வரை உருட்டிக்கொண்டு போன ஆட்டோக்காரர், எல்லோருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்கவும், மூன்று நாள் தூக்கம் பாக்கி.

அண்ணாச்சிக்கு மட்டும் தனியாக எழுத வேண்டும்.

காலை ஐந்து மணிக்குக் கோலிவாடா மீன் சந்தையில் நானும் இரண்டு பிள்ளைகளும் போய் நின்றோம். அவரை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. "பொடிச்ச ஐஸ் கிடைக்குமா?" என்றேன். எதற்கு என்று கேட்டார். பனிக்கு அடியில் எரிமலை என்று சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பொடிச்சா நிக்காது டீச்சர், ஐஸ் பார்தான் வேணும்" என்று பெரிய ஐஸ் கட்டியில் கால் பங்கை அறுத்து, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றினார். காசை வாங்கவே இல்லை. "மீனுக்குப் போட்டாலும் சாயங்காலம் தண்ணிதானே!"

அதோடு விட்டிருந்தால் நன்றி இரண்டு வரியில் முடிந்திருக்கும். சுற்றிக்கொண்டே சொன்னார்: "மேல உருகினா கண்ணுக்குத் தெரியும். அடியில தண்ணி தேங்கிச்சுன்னா தெரியாது. பார் லேசாயிரும், தொட்டாலே வழுக்கிட்டு வரும்." செருப்பைக் கழற்றிக் காட்டினார். கட்டைவிரலில் நகம் இல்லை.

எங்கள் மாதிரி காட்ட நினைத்த, ஐஸ்லாந்தில் 1996-இல் நடந்ததும் இதுதான். வாட்னாயெகுல் என்ற பெரும் பனிப்பாறைக்கு அடியில் செப்டம்பர் கடைசியில் எரிமலை வெடித்தது. அரை கிலோமீட்டர் கனமுள்ள பனியை இரண்டு நாளுக்குள் உருக்கித் துளைத்தது. உருகிய தண்ணீர் உடனே வெளியே வரவில்லை. பனிக்குள்ளேயே இருக்கும் கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் ஐந்து வாரம் சேர்ந்தது. ஏரி உயர உயர, அணைபோல் நின்ற பனியையே தண்ணீர் தூக்கிவிட்டது. நவம்பர் 5-ஆம் தேதி மொத்தமும் கீழே பாய்ந்தது, மூன்று கன கிலோமீட்டருக்கு மேல். வீடு உயரப் பனிக்கட்டிகள் மிதந்து வந்து நெடுஞ்சாலைப் பாலங்களை முறித்தன. சாலையை முன்பே மூடியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

இதை ஒரு மாதமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வரைபடம் போட்டேன், வீடியோ காட்டினேன். தண்ணீர் எப்படிப் பனியைத் தூக்கும் என்பது மட்டும் ஏறவே இல்லை. அண்ணாச்சியின் கால்விரல் ஒரு நிமிடத்தில் ஏற்றிவிட்டது. (டீச்சருக்குக் கொஞ்சம் பொறாமைதான்.)

கண்காட்சியில் களிமண் மலைக்குள் வைத்த தகர டப்பாவில் வெந்நீர் ஊற்றினோம். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நடுவர் வாட்ச்சைப் பார்த்தார். நான் முருகனைக் கும்பிட்டேன். அப்புறம் பார் ஒரு ஓரமாக லேசாக அசைந்தது. அவ்வளவுதான், அடியில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரே பாய்ச்சலில் வந்து, ஐஸ்கிரீம் குச்சியில் கட்டிய பாலத்தை நடுவரின் சட்டைமேல் கொண்டுபோய்ச் சேர்த்தது. பனி எப்படி எழும்பியது என்று அவர் கேட்டார். நான் எழுதிக்கொடுத்த நான்கு வரியை, பதில் சொல்ல நின்ற எங்கள் மாணவி மறந்துவிட்டாள். "அடியில தண்ணி தேங்கினா பார் லேசாயிரும் சார். எங்க ஐஸ் அண்ணாச்சி சொன்னாரு" என்றாள்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு ரோபோவுக்குப் போனது. போகட்டும்.

அண்ணாச்சி, உங்கள் சாக்கு என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு முறை அலசியும் மீன் வாடை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். அந்த வெள்ளத்தில் முறுக்கிக்கொண்ட பாலத்தின் இரும்பு உத்தரங்களை இன்றும் அங்கே சாலையோரம் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள், அதன் படத்தையும் பிள்ளைகள் உங்களுக்காகப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஐஸ் பெட்டிக்கு மேலே ஒட்ட இடம் இருக்குமா?