ஒரு பையனின் கால்களுக்கு இரண்டு முதலாளிகள்

ஸ்பெயின் அரச கால்பந்துக் கூட்டமைப்பின் பொறுப்பாளர்களுக்கும், எஃப்சி பார்சிலோனா நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். உங்களுக்குத் தனித்தனியே எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி எழுதினால், ஒருவரைப் பற்றி நான் சொல்லும் குறையை மற்றவர் ஆயுதமாக எடுத்துக்கொள்வீர்கள். 2025 செப்டம்பரிலும் நவம்பரிலும் நீங்கள் செய்தது அதைத்தான். ஆகவே இரு தரப்புக்கும் ஒரே மடல்.

செப்டம்பரில் நடந்தது இது. பார்சிலோனாவின் பதினெட்டு வயது வீரர் லமீன் யமால் இடுப்பு வலியோடு தேசிய அணி முகாமுக்குப் போனார். பல்கேரியாவுடன் ஒரு ஆட்டம், துருக்கியுடன் ஒரு ஆட்டம். முதலாவதில் ஸ்பெயின் 3-0, இரண்டாவதில் 6-0. இரண்டிலும் எழுபது நிமிடங்களுக்கு மேல் அவர் மைதானத்தில் இருந்தார். திரும்பி வந்ததும் கிளப் ஆட்டங்களில் இறங்க முடியவில்லை. வலி மாத்திரை கொடுத்து ஆட வைத்துவிட்டார்கள், வீரர்களைப் பார்த்துக்கொள்ளும் முறை இதுவல்ல என்று பார்சிலோனா பயிற்சியாளர் ஹான்சி ஃப்ளிக் செய்தியாளர்கள் முன் கொதித்தார். நவம்பரில் நேர்மாறான காட்சி. முகாம் தொடங்கும் நாளன்று காலையில் பார்சிலோனா தரப்பில் அவருக்கு ரேடியோ அலைச் சிகிச்சை நடந்திருக்கிறது. கூட்டமைப்பின் மருத்துவர்களுக்கு அன்று மதியம்தான் தகவல் போனது. வியப்பும் வருத்தமும் தெரிவித்து அறிக்கை விட்டுவிட்டு, பையனை அணியிலிருந்து விடுவித்தீர்கள்.

இரண்டு முறையும் உங்களில் யாரோ ஒருவர் பக்கம் நியாயம் இருந்தது. யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரே இடுப்பெலும்பைப் பற்றி இரண்டு மருத்துவக் குழுக்கள் அறிக்கைகள் மூலம் பேசிக்கொள்ளும் நிலைமைதான் என்னை எழுத வைத்தது.

நான் யார் என்று கேட்பீர்கள். உங்கள் இரவு ஒன்பது மணி ஆட்டத்தைக் கோடையில் பன்னிரண்டரைக்கும் குளிர்காலத்தில் ஒன்றரைக்கும் விழித்திருந்து பார்க்கும் தமிழ்நாட்டு ரசிகர்களில் ஒருவன். வாக்குரிமையும் இல்லை, உறுப்பினர் அட்டையும் இல்லை. ஆனால் ஒளிபரப்பு உரிமையை விற்கும்போது உலகெங்கும் உள்ள ரசிகர்கள் என்று எங்களையும் சேர்த்துத்தானே கணக்குக் காட்டுகிறீர்கள்? அந்தக் கணக்கில் ஒருவனாகப் பேசுகிறேன்.

2023 ஏப்ரல் 29. ரியல் பெட்டிஸ் அணியுடனான ஆட்டத்தின் 83-ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் அன்றைய பயிற்சியாளர் சாவி ஒரு மாற்று வீரரை இறக்கினார். அவர்தான் லமீன், வயது 15 வருடம் 290 நாள். மத்தாரோ நகரத்தின் ரொக்காஃபோண்டா பகுதியில் வளர்ந்து, ஏழு வயதில் பார்சிலோனாவின் இளையோர் பயிற்சிப் பள்ளியான லா மாசியாவுக்கு வந்த பையன். அவருக்காக வெளியே அழைக்கப்பட்டவர் காவி. வெளியே போன காவிக்கே அப்போது பதினெட்டு வயதுதான் என்பதை அன்று எத்தனை பேர் கவனித்தோம் என்று தெரியவில்லை.

காவிக்கு என்ன ஆனது? அதே ஆண்டு நவம்பர் 19 அன்று, வல்லாடோலிடில் ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய வலது முழங்கால் தசைநார் அறுந்தது. ஸ்பெயின் அதற்கு முந்தைய மாதமே ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோவுக்குத் தகுதி பெற்றுவிட்டது. தோற்றாலும் கவலையில்லாத ஆட்டம். பதினொரு மாதம் வெளியே இருந்தார்.

பார்சிலோனாவின் இன்னொரு இளைஞர் பெட்ரிக்கு என்ன ஆனது? 2020-21இல் கிளப்புக்கும் நாட்டுக்குமாக 73 ஆட்டங்கள். சீசன் முடிந்ததும் யூரோ, யூரோ முடிந்ததும் டோக்கியோ ஒலிம்பிக். ஆகஸ்ட் 7 அன்று பிரேசிலுடன் இறுதியாட்டம். சுமார் ஒரு வாரத்தில் லீக் ஆட்டத்துக்கு வந்து நின்றார். அடுத்த மாதம் தொடைத் தசை போனது. அந்த சீசனில் பார்சிலோனாவுக்காக அவர் ஆட முடிந்தது 22 ஆட்டங்கள். வருடக்கணக்கில் தசைக் காயம் மாறி மாறி வந்தது. இன்று அவர் நன்றாக ஆடுகிறார், மகிழ்ச்சி. அதைக் காட்டி 73 ஆட்டங்கள் சரிதான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அதே கிளப்பின் அன்சு ஃபாட்டியின் பெயரை எழுதவே மனம் கூசுகிறது. பதினாறு வயதில் அறிமுகம். பதினேழில் ஐரோப்பிய கிளப்களின் போட்டியான சாம்பியன்ஸ் லீகின் மிக இளைய கோல்காரர். பதினெட்டு முடிந்த ஒரே வாரத்தில் இடது முழங்காலின் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் கிழிந்தது. மறுபடி மறுபடி அறுவைச் சிகிச்சை. அந்தக் காயம் அதிக ஆட்டத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு மோதலில் வந்தது. ஆனால் அதிலிருந்து திரும்பிய கையோடு மெஸ்ஸி விட்டுப்போன பத்தாம் எண்ணை அவர் முதுகில் ஏற்றியது யார்? அவர் மொனாக்கோ கிளப்புக்குப் போனதும் அதே எண் 2025 ஜூலையில் லமீனிடம் வந்திருக்கிறது.

மெஸ்ஸியும் பதினேழில் வந்தவர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குப் பிடித்த வாதம் இது, ஏனென்றால் கணக்கு எளிது. பதினேழு வயது மெஸ்ஸியை அன்றைய பயிற்சியாளர் ரைகார்ட் 2004-05 சீசனில் முதல் அணிக்காக இறக்கியது 9 ஆட்டங்களில். பதினேழு வயது லமீன் 2024-25இல் பார்சிலோனாவுக்காக ஆடியது 55. அதற்கு முந்தைய சீசனில், பதினாறு வயதில், 50. தேசிய அணி ஆட்டங்கள் இதில் சேரவில்லை. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முன்பே, இண்டர் மிலனுடனான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், கிளப்புக்கு அவருடைய நூறாவது ஆட்டம் வந்துவிட்டது. அன்று அவர் அடித்த கோலைப் பார்த்து நானும் சோபாவிலிருந்து எழுந்து கத்தினேன். கத்தியவனுக்குக் கேட்க உரிமை இல்லையா என்ன?

பார்சிலோனா நிர்வாகத்தினரே, செப்டம்பரில் ஃப்ளிக் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி என்றே வைத்துக்கொள்வோம். இந்த 55 யார் கணக்கு? ரைகார்டுக்கு ரொனால்டினோ இருந்தார், எட்டோ இருந்தார். பையனைப் பெஞ்சில் வைத்திருக்க முடிந்தது. உங்களுக்கு நூறு கோடி யூரோவைத் தாண்டிய கடனும், ஸ்பெயினின் லீக் அமைப்பான லா லீகா விதித்த சம்பள உச்சவரம்பும் இருந்தன. ஆள் வாங்கப் பணமில்லாத காலத்தில் லா மாசியாவின் கதவு அகலத் திறந்தது. அது பிள்ளைகளுக்குக் கிடைத்த வாய்ப்பு என்பது உண்மை. உங்கள் கடனைப் பிள்ளைகளின் நிமிடங்களால் அடைத்தீர்கள் என்பதும் உண்மை.

கூட்டமைப்பினரே, உங்களுக்கு ஃபிஃபா விதி துணை. சர்வதேச நாட்காட்டியில் உள்ள தேதிகளில் அழைத்தால் கிளப் அனுப்பியே ஆக வேண்டும். மாதச் சம்பளம் கிளப்புடையது, வெற்றி உங்களுடையது. இரு வீட்டுக்கும் பொதுவான கிணற்றில் இறைக்க இரு வீட்டாரும் வருவார்கள், தூர்வார யாரும் வரமாட்டார்கள்.

இந்தப் பையனைப் பையனாகவே நடத்தியது யார் தெரியுமா? ஜெர்மனியின் இளையோர் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம். பதினெட்டு நிரம்பாதவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது. விளையாட்டு வீரர்களுக்குப் பதினொரு மணி வரை சலுகை. 2024 யூரோவின்போது முப்பதாயிரம் யூரோ வரை அபராதம் வரலாம் என்று செய்தி வந்தது. உலகமே அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டது, நாங்களும் மீம் போட்டோம். விடுதி அறையில் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தவர், மியூனிக்கில் பிரான்ஸுக்கு எதிராகப் புகழ்பெற்ற அந்தக் கோலை அடித்தபோது வயது 16 வருடம் 362 நாள். பதினேழு முடிந்த மறுநாள் பெர்லினில் இறுதியாட்டம். அபாரமான கோடை அது, மறுக்கவே மாட்டேன். ஆனால் அபராதத்துக்குப் பயந்தாவது அந்தப் பையனை எந்த நேரத்தில் வெளியே எடுக்கலாம் என்று ஒருவர் கடிகாரம் பார்க்க வேண்டியிருந்ததே, அந்தக் கடிகாரம்தான் உங்கள் இருவரிடமும் இல்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பத்தொன்பது வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு ஸ்பெல்லில் இத்தனை ஓவர், ஒரு நாளில் இத்தனை ஓவர் என்று எழுதியே வைத்திருக்கிறது. எவ்வளவு நன்றாக வீசினாலும் கேப்டன் பந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வளரும் முதுகெலும்பு தாங்காது என்பதே காரணம். இடுப்பெலும்பின் வளர்ச்சி முனைகளில் சில இருபது வயதை ஒட்டியோ, அதற்கும் பிந்தியோதான் முழுதாக இறுகும். நின்ற இடத்திலிருந்து வெட்டித் திரும்புவது, வலது ஓரத்திலிருந்து உள்ளே வளைந்து இடது காலால் சுழற்றி அடிப்பது, இதெல்லாம் விசையை ஏற்றுவது அந்த இடத்தில்தான். லமீனின் ஆட்டம் முழுக்க அதுதானே!

நான் கேட்பது இதுதான். இருபது வயது நிரம்பாத வீரர்களுக்குக் கிளப், தேசிய அணி இரண்டையும் சேர்த்து ஒரு நிமிட உச்சவரம்பு எழுத்தில் வேண்டும். எண்ணை நான் சொல்லப்போவதில்லை, அது மருத்துவர்கள் வேலை. அந்த மருத்துவர் உங்கள் இருவரிடமும் சம்பளம் வாங்காதவராக இருக்கட்டும். வீரருக்கு ஒரே மருத்துவக் கோப்பு, இரு தரப்பும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி. வலி மாத்திரை கொடுத்து இறக்குவதாக இருந்தால் இரு தரப்பு மருத்துவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று கோல் முன்னிலை வந்துவிட்டால் பையன் உட்காரட்டும். டிக்கெட் வாங்கியவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

அவருக்கே ஆட ஆசை, உட்கார வைத்தால் முகம் சுருங்குகிறது என்பீர்கள். அந்த வயதில் யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆசைப்படுவது அவர் வேலை, வேண்டாம் என்று சொல்வது உங்கள் வேலை.

உடம்பு மட்டுமே கணக்கும் அல்ல. 2007இல் பதினேழு வயதில் பார்சிலோனா அணிக்கு வந்த போயான் கிர்கிச்சை அடுத்த மெஸ்ஸி என்றோம். 2008 பிப்ரவரியில் ஸ்பெயின் அணியுடன் இருந்தபோது அவருக்குப் பதற்றத் தாக்குதல் வந்தது. வயிற்றுக் கோளாறு என்று வெளியே சொல்லப்பட்டது. அந்தக் கோடையின் யூரோவுக்கு அவர் போகவில்லை. களைப்பு என்று செய்தி வந்தது, ரசிகர்கள் திட்டினார்கள். உண்மையை அவர் வெளிப்படையாகப் பேசுவதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

இந்த விதியை எழுத நீங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அடுத்த சர்வதேச இடைவேளைக்கு முன்பே. போயான் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் பார்சிலோனாவுக்கே வேலை பார்க்க வந்தவர். அவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். முதலில் அவரைப் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு ரசிகன்