கடல் தாண்டும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு 5,550 கிலோமீட்டர் சொச்சம். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும். "வகுத்தா ஆறு மணி நேரம்தாம்பா, டிக்கெட்ல எட்டுன்னு சும்மா கூட்டிப் போட்டிருக்காங்க" என்று நேற்று போனில் சொன்னாய். அந்த நம்பிக்கையில் அடுத்த விமானத்தை ஒன்றரை மணி நேர இடைவெளியில், அதுவும் தனி டிக்கெட்டாக எடுத்திருக்கிறாய். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

உன் வயதில் நானும் இப்படித்தான் வகுத்தேன். அடுத்த விமானம் போய்விட்டது. ஒரு ராத்திரி முழுக்க நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ அப்படி உட்காரக் கூடாது.

அந்த எட்டு மணி நேரம் வெறும் பறக்கும் நேரம் இல்லை, பாப்பா. விமானம் இங்கே நிலைய வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே நிலைய வாசலில் போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் வரும். மீதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடுகிறது ஜெட் காற்று. குளிர்காலத்தில் வேகம் இன்னும் அதிகம். போகும்போது உனக்கு எதிர்நீச்சல். திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும், ஒரு மணி நேரம் மிச்சமாகும். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 ஐந்து மணி நேரத்துக்குள் லண்டன் வந்து இறங்கியது. தரைக் கணக்கில் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல்! அன்றைக்கு எதிர்ப்பக்கம் போனவர்களை நினைத்துப் பார்.

விமானத் திரையில் போகும் வழி வளைந்து தெரிந்தால் பயப்படாதே. நீ பள்ளியில் வைத்திருந்த உலக உருண்டை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. இன்று காலை அதில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நியூயார்க் ஏறக்குறைய மாட்ரிட் இருக்கும் அட்சரேகையில் இருக்கிறது. ஆனாலும் நூல் முதலில் வடமேற்காக ஏறி, அயர்லாந்தைத் தொட்டு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு வழியாக இறங்குகிறது. உருண்டையில் அதுதான் குறுக்கு வழி. அதிலும் தினமும் காற்றைப் பார்த்து வான்வழித் தடங்களை மாற்றி வகுக்கிறார்கள், அதனால் சில நாள் இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம், அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடிவரவுச் சோதனை. வழக்கமாகப் பெட்டியையும் அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு அந்த இரண்டாவது டிக்கெட்டை மாற்றிவிடு. மாற்றும் செலவு என்னுடையது.

இன்னொன்று. நீ போவது மார்ச் மூன்றாவது வாரம். கோடை நேரத்துக்காக அமெரிக்காவில் கடிகாரத்தை ஏற்கெனவே ஒரு மணி முன்னே தள்ளியிருப்பார்கள், நாம் மாத கடைசி ஞாயிறுதான் தள்ளுவோம். அதனால் அந்த வாரம் நேர வித்தியாசம் ஐந்து மணி இல்லை, நான்கு. நண்பகல் கிளம்பி எட்டு மணி நேரம் கழித்து நீ இறங்கும்போது அங்கே மாலை 4, இங்கே இரவு 8. நானும் அம்மாவும் விழித்துத்தான் இருப்போம். இறங்கியதும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா