தெருவோர உணவு வியாபாரிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தன் அறிக்கையில் சொல்வார். இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது சுத்தம்தான். அதிலும் குறிப்பாகத் தண்ணீர்.

ஜூன் 7, உலக உணவுப் பாதுகாப்பு நாளன்று நடந்த பயிற்சியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து விதிகளைப் பேசினோம். கையும் கடையும் சுத்தமாக இருக்க வேண்டும், பச்சையானதும் சமைத்ததும் கலக்கக் கூடாது, நன்றாக வேகவேண்டும், சூடானது சூடாகவும் குளிர்ந்தது குளிர்ந்தும் இருக்க வேண்டும், தண்ணீரும் சரக்கும் நல்லதாக இருக்க வேண்டும். மற்றவற்றை முடிந்தவரை செய்துவருகிறோம். தண்ணீரில்தான் இடறுகிறோம். ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுக்கத் தட்டு அலசினால் ஒருவர் எச்சில் அடுத்தவர் தட்டுக்குப் போகிறது. எனவே குழாய் வைத்த, மூடியுள்ள கேனைப் பயன்படுத்தச் சொன்னோம். சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவவும் அதுவே உதவும். காசு வாங்கிய கையாலேயே உணவை எடுக்கும் பழக்கமும் பல கடைகளில் இன்னும் போகவில்லை.

மீந்ததைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்தன. மறுபடி சூடு பண்ணினால் போதாதா என்று பலரும் கேட்டார்கள். போதாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும், சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. கைப்புண்ணிலிருந்து உணவில் சேரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி ஒரு நஞ்சை உண்டாக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நஞ்சு அழியாது. விரலில் சின்ன வெட்டுதானே என்று விடாதீர்கள், கட்டுப் போட்டு மேலே கையுறை மாட்டுங்கள். ஐஸும் அப்படித்தான், உறைந்துவிட்டதால் கிருமி செத்துவிடாது. குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்த ஐஸை மட்டும் வாங்குங்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தந்த விஷயம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தவர் அது நின்று 48 மணி நேரம்வரை உணவைத் தொடக் கூடாது. அன்றாடம் விற்றால்தான் அடுப்பெரியும் என்றிருப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது? கடையை மூடு என்று வெறும் வாயால் சொல்ல நமக்கு உரிமையில்லை. அதனால் அந்த நாட்களுக்குச் சங்க நிதியிலிருந்து உதவித்தொகை தர வேண்டும் என்று செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. இன்றைய கூட்டத்தில் இதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும்.

கடைகள் இருக்கும் இடத்திலேயே குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் கேட்டு மனு கொடுத்தோம். பலமுறை அலைந்தும் பதில் வரவில்லை. தண்ணீர் தராமல் சுத்தத்தை மட்டும் எங்களிடம் கேட்பது நியாயமில்லை என்பதை மனுவில் எழுதியே கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் மறுபடி போகிறோம், முடிந்தவர்கள் உடன் வாருங்கள்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்